அப்பாவின் வலப்பக்கம்

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் செஸ்ஸில் அப்பாவைத் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் அப்படியில்லை. ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பரிசாகக் கிடைத்த ரெக்சின் விரிப்பையும் பிளாஸ்டிக் காய்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, குதிரை எப்படித் தாவும், யானை எப்படி நேராகப் போகும் என்று பெரிய வாத்தியார் தோரணையில் விளக்கினேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர் என்னை ஆட்டத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு அடுத்த வளைவை யோசிப்பது பழக்கம்தானே என்று அம்மா சொன்னாள்.

அப்பாவிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழைத்தாரும் பலாவும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு, சோளக்காடு வழியாக மலையிறங்கி நாமக்கல் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் "போர்டை எடு கண்ணு" என்பார். வெள்ளைக் காய்கள் எப்போதும் அவருக்குத்தான். "கருப்பு உனக்கு. மொளகாட்டம் காரமா ஆடு" என்பார். நான் எவ்வளவு காரமாக ஆடினாலும் தோற்றேன்.

தோற்றுத் தோற்றுச் சலித்த பிறகுதான் நான் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைக்குப் போனேன். அங்கே ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து செஸ் வீடியோ பார்ப்பேன். பேசுகிறவர் ஆங்கிலத்தில் பேசுவார். எனக்கு ஒன்றும் புரியாது. திரையில் அம்புக்குறிகள் போவதையும் காய்கள் நகர்வதையும் வைத்து நானே அர்த்தம் பண்ணிக்கொள்வேன். அப்படி ஒருநாள் கண்ணில் பட்டதுதான் கிங்ஸ் இந்தியன் என்கிற தொடக்கம்.

இப்போது நாமக்கல்லில் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். அதனால் இதை ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். சாதாரணமாக ஆட்டம் தொடங்கியதும் இரண்டு பேரும் பலகையின் நடுவைப் பிடிக்கத்தான் ஓடுவார்கள். இந்தத் தொடக்கத்தில் கருப்பு அப்படி ஓடாது. "நடு உனக்கே, வைத்துக்கொள்" என்று விட்டுவிட்டு, தன் ராஜாவை மூலையில் பத்திரப்படுத்திக்கொண்டு தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். வெள்ளை சந்தோஷமாக வந்து நடுவில் குடியேறும். அதன் பிறகு கருப்பு ஒரு சிப்பாயை முன்னால் தள்ளும். வெள்ளை பக்கத்துச் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் ஏற்றும். இரண்டு தரப்புச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நின்று நடு பூட்டிக்கொள்ளும். அந்த வழியாக இனி யாரும் போக முடியாது. வெள்ளை தன் இடப்பக்கம் தாக்கப் போகும். கருப்பு, வெள்ளையின் வலப்பக்கம், அங்கே உட்கார்ந்திருக்கும் ராஜாவைத் தேடிப் போகும். யார் முந்துகிறார்கள் என்பதுதான் ஆட்டம். வெள்ளை பிந்தினால் ராஜாவே போய்விடும். கருப்பு பிந்தினால் எல்லாம் போய்விடும்.

இவ்வளவும் அன்று எனக்குத் தெரியாது. சிப்பாய்களை வரிசையாகத் தள்ளு, குதிரைகளைப் பின்னாலேயே அனுப்பு, ராஜாவை நெருக்கு. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

முதல் நாளே அப்பா தோற்றார். தன் இடப்பக்கத்தில் என் சிப்பாய் ஒன்றை வெட்டி எடுத்துச் சந்தோஷமாக நிமிர்ந்தவரிடம் நான் செக் சொன்னேன். "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். மறுநாளும் அதேதான். அதற்கு அடுத்த வாரமும் அதேதான். அவர் இடப்பக்கம் பிரமாதமாக ஆடுவார். வலப்பக்கத்தில் என் படை வந்து நிற்கும்வரை அவருக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் இந்தத் தொடக்கத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விளையாட்டு ஆசிரியரும் நம்பி, நாமக்கல்லில் நடக்கும் பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்கு என் பெயரைக் கொடுத்தார்.

அந்த நாட்களில் வீட்டில் வேறு சில சங்கதிகளும் நடந்தன. தட்டில் வலது ஓரம் வைத்த பொரியலை அப்பா தொடாமல் எழுந்துவிடுவார். "புடிக்கலீன்னா சொல்லலாமில்லீங்க, தெனமும் இப்படி வீணாக்கறீங்க" என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். அவர் தட்டைத் திரும்பிப் பார்த்து, "அட, இருந்துச்சா" என்பார். கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொள்வார். தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொள்வார். கண்ணாடி போட வேண்டிய வயசு வந்துவிட்டது என்று சித்தப்பா கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம், அப்பாவும்தான் சிரித்தார்.

போட்டி ஒரு சனிக்கிழமை. வாழைத்தார் ஏற்றிய வண்டியில் அப்பாவே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சோளக்காடு தாண்டி இறக்கம் தொடங்கியதும் எனக்குப் பிடித்த வேலை, மேலிருந்து கீழே ரோட்டைப் பார்ப்பது. எதிரே ஏறி வருகிற பஸ் ஒரு வளைவில் தெரியும், மரத்துக்குள் மறையும், அடுத்த வளைவில் இன்னும் பெரிதாகத் தெரியும். அன்றும் ஒரு பஸ் அப்படி ஏறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த வளைவில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். அப்பா எத்தனையோ வருடமாக விட்டுக்கொண்டிருந்தவர். அன்று விடவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். பஸ் வலப்பக்கத்தில் சுவர்போல எழுந்து நின்றது. நான் "அப்பா, பஸ்ஸு" என்று கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்ததில் நான் முன்னால் போய் முட்டிக்கொண்டேன். வலது பக்கக் கண்ணாடி உடைந்து ரோட்டில் சிதறியது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நான் முழுதாக யோசிப்பதில்லை.

பஸ் டிரைவர் அப்பாவுக்குப் பழக்கமானவர். தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, இத்தாம் பெரிய பஸ்ஸு கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்று கேட்டார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது. பஸ் மெதுவாக ஒதுங்கி மேலே போனது. அப்பா வண்டியை வளைவின் ஓரத்தில் இருந்த காலி இடத்தில் நிறுத்திச் சாவியைத் திருப்பினார்.

"எங்கிருந்து வந்தான் அவன்?"

"மேல இருந்தே தெரிஞ்சுதுங்கப்பா. ரெண்டு வளைவுக்கு முன்னாலயே பாத்தேன். நீங்களும் பாத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு கீழே இறங்கி, "போர்டை எடு" என்றார்.

போட்டிக்கு முன்னால் ஒரு பயிற்சி ஆட்டம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரின்மேல் விரிப்பை விரித்தேன். "நேத்து என்னைய அடிச்சீல்ல, கடைசியில எப்படி நின்னுச்சோ அப்படியே வை" என்றார். வைத்தேன். எனக்கு அந்த இடம் மனப்பாடம். அவர் சுவருக்கு முன்னால் நின்று பலகையை நேராகப் பார்த்தார்.

"உன்ற குதிரை ரெண்டும் எங்க கண்ணு?"

விளையாடுகிறார் என்று சிரித்தேன். "உங்க ராஜாவுக்குப் பக்கத்துலயே நிக்குதுங்கப்பா."

அவர் கழுத்தை மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. குதிரைகளைப் பார்த்தார். மறுபடி நேராகத் திரும்பினார். மறுபடி வலப்பக்கம் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டார், பிறகு இன்னொரு கண்ணை. விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி ஓரமாகக் கொண்டுபோனார். "ரெண்டு கண்ணுலயுமே இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குள் இரண்டு குரங்குகள் வாழைத்தார்மேல் ஏறிவிட்டதால் நான் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. குரங்குகளின் முகம்தான் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்தபோது அவர் சித்தப்பாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். "நீ வந்து வண்டிய எடு. வேற ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி" என்றார். என்னிடம், "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன் சாமி" என்றார். சித்தப்பா டூவீலரில் வந்து, அதை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு, எங்கள் வண்டியை ஓட்டினார். தன் வண்டியில் தானே பயணியாக, அப்பா எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவதில், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட நாமக்கல் பெண் ஒருத்தி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். வெள்ளைக் காய்கள் அவளுக்கு. நான் நினைத்தபடியே நடு பூட்டிக்கொண்டது. என் சிப்பாய்களைத் தள்ளினேன். அவள் இடப்பக்கம் இரண்டு அடி போவாள். பிறகு நின்று, ஒரு குதிரையைப் பின்னால் இழுத்து ராஜாவுக்குக் காவல் வைப்பாள். மறுபடி இடப்பக்கம் போவாள். மறுபடி நின்று என் பக்கம் பார்ப்பாள். என் சிப்பாய்கள் வெகுதூரம் போய், திரும்பவும் முடியாமல் நுழையவும் முடியாமல் விழித்தன. அதற்குள் அவளுடைய இடப்பக்கத்தில் என் வீடு காலியாகிவிட்டது. கை கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று முழுவதையும் பார்த்திருந்தார். சாப்பிடப் போன இடத்தில் நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அழுதேன்.

"அந்தப் புள்ள ரெண்டு பக்கமும் பாக்குது கண்ணு. அவ்வளவுதான்" என்றார்.

"நீங்களும்தான பாப்பீங்க. அவ என்னமோ வேற படிச்சுட்டு வந்திருக்கறா."

அவர் என் இலையில் இன்னொரு பரோட்டாவை வைக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் நாமக்கல்லில் கண் டாக்டர், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, தலையைப் படம் எடுத்துப் பாருங்கள் என்றாராம். அங்கிருந்து சேலம். அம்மாவும் கூடவே போய்விட்டதால் நான் சித்தப்பா வீட்டில் இருந்தேன். ஒருநாள் சித்திதான் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். "உங்கப்பனுக்குத் தலைக்குள்ள கட்டியாம் சாமி. அதனாலதான் வலப்பக்கம் தெரியாமப் போச்சாம். ஆறேழு மாசமாவே இருந்திருக்குமாம்."

சித்தி பின்னலைக் கட்டி முடிக்கும்வரை நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறேழு மாதம் என்றால் என் வெற்றிகள் எல்லாமே அதற்குள் அடங்கிவிட்டன. நான் எதையும் கரைத்துக் குடித்திருக்கவில்லை. பார்க்க முடியாத பக்கமாகப் போய் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். அன்று அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து சித்தி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பாதி அதற்காகவும்தான்.

ஆபரேஷன் நடந்தது. பிறகு மருந்து, பிறகு கதிர்வீச்சு, அதைக் கரண்ட் வைப்பது என்றார்கள். மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மொட்டைத் தலையில் காதுக்கு மேலே வளைவாக ஒரு தழும்பு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்: "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க." வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே வாக்கியத்தை எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்கிறார்கள் என்றால்தானே உடம்பு சரியில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்.

அந்த மழைக்காலம் முடியும்வரைதான் அப்பா இருந்தார். அவர் வந்து சில நாட்கள் கழித்து நாங்கள் ஆடிய ஆட்டம்தான் கடைசி. வெளியே பனி மூட்டம் வாசல்வரை வந்து நின்றிருந்தது. மத்தியானத்திலேயே லைட் போட்டிருந்தோம். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். போர்டை நான் நன்றாக அவருடைய இடப்பக்கமாகத் தள்ளி வைத்தேன். அவர் ஒவ்வொரு முறையும் தலையை முழுக்கத் திருப்பி மூலைவரை பார்த்துவிட்டுத்தான் காயைத் தொட்டார். விரல்கள் மெலிந்திருந்தன. நான் அதே தொடக்கத்தையே ஆடினேன். இப்போது அவருக்குத் தெரிகிறது, இப்போது ஜெயித்தால்தான் வெற்றி என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

நடு பூட்டிக்கொண்டது. நான் அவருடைய வலப்பக்கம் சிப்பாய்களைக் கிளப்பினேன். அவர் இடப்பக்கம் போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை. குதிரையை ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிறகு மந்திரியை, பிறகு யானையை. என்னால் நுழைய முடியவில்லை. அவரும் வெளியே வரவில்லை. இரண்டு பேரும் ஓடினால்தான் இந்தத் தொடக்கத்தில் அனல் பறக்கும். ஒருவர் ஓடவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் பலகை அப்படியே உறைந்து நின்றுவிடும். அப்பா ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். அடுத்த முறை அதையே பழைய கட்டத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி தள்ளி வைத்தார்.

"உங்க பக்கம் போங்கப்பா. போனாத்தான ஆட்டம் முடியும்" என்றேன்.

"முடிஞ்சு என்ன ஆகப்போகுது கண்ணு. இப்படியே இருக்கட்டுமே."

கஞ்சியோடு வந்த அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கதவருகிலேயே நின்றாள். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வெளியே பனிக்குள் போனாள். அம்மாவுக்குச் செஸ் தெரியாது; அவள் ஏன் போனாள் என்று நான் யோசிக்கவில்லை. அப்பா ராஜாவை மறுபடியும் பழைய இடத்தில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவும் அவர் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. தோற்றுவிடுவோம் என்று பயப்படுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பொறுமை போய், ஒரு சிப்பாயை வெட்டுக் கொடுத்து நானே வழியைத் திறந்துவிட்டேன்.