சுருதிப்பெட்டியை நிறுத்தியபோது

வைஜயந்திக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். காது. அண்ணன் கேஷவ் புல்லாங்குழல் வாசித்தவர். இடது காதில் மெல்லிய ரீங்காரமாகத்தான் ஆரம்பித்தது; கொஞ்ச நாளில் காதே போய், குழலை உறையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து குளிக்கும்போது காதில் தண்ணீர் புகுந்தாலே இவள் பாதியில் ஓடிவந்து துடைத்துக்கொள்வாள்.

ஸ்ரீரங்கத்தில் மேலச் சித்திரை வீதி மாடியில் வீணை சொல்லிக்கொடுக்கிறாள், எல்லாம் ஆன்லைனில். பாடங்களை வீட்டிலேயே பதிவு செய்வாள். ஜன்னலைச் சாத்தினாலும் ஆட்டோவும் தண்ணீர் மோட்டாரும் விடுமா? அதற்குத்தான் கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கும் வசதி. வாசிக்குமுன் அறை சும்மா இருக்கும் சத்தத்தைக் கொஞ்சம் மாதிரி காட்டினால், அதைப் பதிவு முழுக்கத் தேடிப்பிடித்து எடுத்துவிடும். கடைசியில் கொஞ்சம் ரிவெர்ப், அதாவது எதிரொலி, சேர்த்தால் சின்ன அறைகூடக் கச்சேரி மண்டபம் மாதிரி கேட்கும்.

அன்று முதன்முதலாக அந்த வசதியைப் போட்டு, தான் வாசித்த பாடத்தைக் கேட்டவளுக்குத் திக்கென்றது. ஸட்ஜமும் பஞ்சமமும் சோகை பிடித்தாற்போல் மெலிந்து கிடந்தன. ரிவெர்பை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். குடத்துக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல் ஆனதே தவிர ஸட்ஜம் திரும்பவில்லை. காது போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

கணவர் வீரராகவனைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. ஸட்ஜம் கேக்கறதா?"

"எனக்கும் சரியா கேக்கலையே." அவர் யோசித்தார். "மாதிரி எடுக்கறச்சே சுருதிப்பெட்டி ஓடிண்டிருந்ததோ?"

"பின்னே? அது இல்லாம வீணையைத் தொடுவேனா?"

"அதான். ஸட்ஜமும் பஞ்சமமுமா ஓடற சுருதியையே இரைச்சல்னு காட்டியிருக்கே. அதுவும் சமர்த்தா துடைச்சுடுத்து."

வைஜயந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காலையில் காபிக்கு முன்னால் சுருதிப்பெட்டியைப் போட்டால் படுக்கப்போகும்வரை ஓடும் வீடு அது.

"பெட்டியை நிறுத்துங்கோ. மாதிரியைப் புதுசா எடுத்துடறேன்."

நிறுத்தினார். தெருவும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில் சத்தத்தைக் காட்டும் கோடு அசையாமல் நேராகப் போயிற்று. வைஜயந்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகம் மாறியது.

"நிறுத்தச் சொன்னேனே."

"நிறுத்தியாச்சே." அவர் பிளக்கையும் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

அவள் இடது காதில் அந்த மெல்லிய ரீங்காரம் நிற்கவே இல்லை.