ஓல்டான் சொல்லாத பெட்டி

இன்றைக்கும் திருமூர்த்தி காரை மூன்று தெரு தள்ளித்தான் நிறுத்தினார். காந்திபுரத்தில் கார்களுக்கு ஸ்பீக்கர், சீட் கவர், திரை எல்லாம் மாட்டித் தரும் அந்தக் கடையின் வாசலிலேயே இரண்டு வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. காவலாளி கையைக் காட்டிக் கூப்பிடவும் செய்தார். ஆனால் அங்கே மூக்கை நுழைத்தால், வெளியே வர ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். "அக்கட்ட ஒரு சோலி இருக்குதுங்க" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நேராகப் போய் நேராகவே வெளியேறக்கூடிய இடமாகப் பார்த்து நிறுத்தி, வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். வயது அறுபத்திரண்டு. இந்தக் கடைக்கு இது நான்காவது நடை.

இந்த மனிதர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர் என்றால் யார் நம்புவார்கள்? காந்திபுரத்தில் எடுத்தால் பெருந்துறை வழியாக ஈரோடு, திரும்பவும் காந்திபுரம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே கை நுழையாத சந்தில் பின்னாலேயே வந்து நிறுத்துவார். கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டார். கண்டக்டர் தேவானந்தம் பின்னால் நிற்பார், அது போதும். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஒரே தட்டு என்றால் அதோடு நிறுத்து. விசிலுக்கும் அப்படியே, இரண்டு அடித்தால் போ, ஒன்று அடித்தால் நில். வாயால் சொல்வதாக இருந்தால், 'ரைட்' என்றால் போ, 'ஓல்டான்' என்றால் நில். இந்தச் சொற்கள் திருமூர்த்தியின் மூளைக்குப் போவதே இல்லை. காதிலிருந்து நேராகக் காலுக்குப் போய்விடும்.

ஓய்வு பெற்று வாங்கிய பழைய வெள்ளை வேகன் ஆரையும் அவர் பஸ் போலத்தான் ஓட்டுகிறார். திருப்பத்தில் பாதித் தெருவை எடுத்துக்கொள்வார். எந்த நிறுத்தத்தைக் கண்டாலும் கார் தானாக மெதுவாகும். ஏற யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நகரும். எதிரே தான் வேலை பார்த்த கம்பெனியின் பஸ் வந்தால் விளக்கை இரண்டு முறை போட்டு அணைப்பார். இப்போதிருக்கும் டிரைவருக்கு இவர் யாரென்று தெரியாது. அவனும் பதிலுக்குப் போட்டுவிட்டுப் போவான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, சிங்காநல்லூரில் தன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். மகள் புவனா பக்கத்தில் நின்று வழி சொன்னாள். பம்ப் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். குடும்பத்தோடு மாடி வீட்டில் குடியிருக்கிறாள். வண்டி போதுமான தூரம் வந்துவிட்டது என்று கண்டு, நாம் எல்லோரும் சொல்வது போலத்தான் அவளும் சொன்னாள். "ரைட்டுப்பா, போதும்." திருமூர்த்தியின் காதில் முதல் சொல் மட்டும் விழுந்தது. கால் அழுத்தியது. மடக்கென்று ஒரு சத்தம். பேத்தி அக்ஷிதாவின் மூன்று சக்கர சைக்கிள் அப்பளமாகிக் கிடந்தது. மூன்று வயதுக் குழந்தை, செருப்பைத் தேடி அப்போதுதான் வீட்டுக்குள் போயிருந்தாள்.

"கண்ணு தெரியலீங்களாப்பா? போதும் போதும்னு கத்துறனல்லங்க!" என்று புவனா நடுங்கினாள். அவருக்கு நடந்தது என்னவென்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. உன் வாயிலிருந்து வந்த சொல்தான் அம்மணி என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஆயுசுக்கும் அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு திரிவாள். "ஆமா அம்மணி, கண்ணு செரியாத் தெரியலே" என்றார். மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே, "கழுத்து திரும்ப மாட்டீங்குது" என்று திருமூர்த்தி மாற்றிச் சொன்னார். கழுத்துக்கும் ஒரு தைலம் வந்தது.

புவனா தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னாள். "பின்னாடி காமெரா போடுங்க. நான் டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன். அதுவரைக்கும் பாப்பா உங்க வண்டில ஏற வேண்டாங்கப்பா." மழலைப் பள்ளியிலிருந்து மத்தியானம் குழந்தையைக் கூட்டி வருவது அதுவரை அவர் வேலை. வழியெல்லாம் நிறுத்தத்தின் பேரைச் சொல்லிக்கொண்டே வருவார்கள், குழந்தையும் சேர்ந்து கத்தும். இப்போது ஆட்டோ கொண்டுவந்து விடுகிறது. பன்னிரண்டரைக்கு அந்த ஆட்டோச் சத்தம் கேட்கும்போது அவருக்கு அழுகை வந்துவிடும். வெளியில் எங்கே போனாலும் ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தினார். இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

காமெரா ஒன்று போட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் கிளம்பினார். வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தவர்கள் விடவில்லை. காமெராவில் தெரிவதைப் பார்க்கத் திரை வேண்டாமா என்றார் ஒருவர். திரை போட்டால் வழி காட்டுவது அதிலேயே வரும் என்றார் இன்னொருவர். அப்படியே பாட்டும் வரும், படமும் வரும் என்றார் மூன்றாமவர். ஏழு இன்ச் போதும், ஒன்பதுதான் எடுப்பு, பத்து வைத்தால் ஏசிக் காற்று வரும் வழி அடைபடும் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். திருமூர்த்தி எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு டீயை ஆறவிட்டார். "கண்டக்டர், கிளீனர், டேப்ரெக்கார்டரு, மூணையும் ஒரே பொட்டிக்குள்ள போட்டு அடைச்சுப்போட்டாங்க. இதுல எதுங்க எப்பப் பேசும்?" என்று கேட்டார்.

கடையைக் கணவரோடு சேர்ந்து நடத்துகிற உம்மல் குல்சும் பொறுமைசாலி. நான்காவது முறையாகவும் முதல் முறை போலவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தார்.

"அங்கிள், ரெண்டு மாடல் இருக்குதுங்க. டூ பை தேர்ட்டி டூ, ஃபோர் பை சிக்ஸ்டி ஃபோர். நாலு எடுத்தீங்கன்னா சிக்காம ஓடும்."

"அது எந்த ஊரு சர்வே நம்பருங் அம்மணி?"

குல்சும் சிரித்துவிட்டார். திருமூர்த்தி வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நாலின் கீழ் அறுபத்து நாலு என்றால் அவருக்குத் தெரிந்தது பத்திரத்தில் வரும் நிலத்து நம்பர் ஒன்றுதான். அது பெட்டியின் ஞாபகசக்தி என்று விளக்கியதும், "வழிய ஞாபகம் வெச்சுக்குமுங்களா?" என்றார். வழி வேறு, ஞாபகம் வேறு என்று தெரிந்தபோது முன்னைவிடக் குழம்பிப்போனார்.

அடுத்து குல்சும், நாலு பக்கமும் காமெரா வைத்த செட் ஒன்றைக் காட்டினார். திரையில் கார் மேலிருந்து பார்த்தாற்போல முழுசாகத் தெரிந்தது. திருமூர்த்தி கடையின் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "இது ஆருங்க மேல நின்னு புடிக்கிறது?"

"ஆருமில்லீங் அங்கிள். நாலு காமெராவும் சேந்து அப்படிக் காட்டுது."

"ஆருமே நிக்காத எடத்துல இருந்து பாத்த படத்த நம்பி, எப்படிங்க கால வெக்கிறது?"

அதையும் எடுத்து உள்ளே வைத்தார்கள்.

ஓட்டிப் பார்த்தால் புரியும் என்று, அதே பெட்டி மாட்டிய தன் காரின் சாவியையே கொடுத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டார் குல்சும். நூறடி ரோட்டில் போகும்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பேசியது. கடைசிச் சொல் 'ரைட்'. திருமூர்த்தி இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாற்றி, நேராக ஒரு அழுத்து அழுத்தினார்.

"அங்கிள், வலதுங்க! வலது பக்கம்!"

"ரைட்டுன்னு சொல்லுச்சேங் அம்மணி."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்!"

பெட்டி புதிதாக வழி தேடி, அடுத்த முக்கிலும் 'ரைட்' என்றது. கார் அடுத்த முக்கையும் தாண்டியது. மூன்றாவது முக்கில் குல்சும் தமிழுக்கு மாற்றிவிட்டார். வலதுபுறம் திரும்பவும் என்றது அந்தக் குரல். அட்சரம் பிசகாமல் திரும்பினார். "ஹெட்மாஸ்டராட்டப் பேசுது, ஆனாப் புரியுதுங்க" என்று அதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

ரிவர்ஸ் சோதனை கடையின் பின்பக்கத்துக் காலி இடத்தில். கியரைப் போட்டதும் திரையில் பின்பக்கம் தெரிந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு. சுவருக்குப் பத்தடி இருக்கும்போதே பெட்டி ஒரு பீப் அடித்தது. திருமூர்த்தி சடாரென்று நிறுத்தினார். "இன்னும் வரலாமுங் அங்கிள்" என்றார் குல்சும். மெல்ல எடுத்தார். பீப் பீப் என்று இரண்டு அடித்ததும் கால் தாராளமாக அழுத்த, குல்சும் "யா அல்லா!" என்று கைப்பிரேக்கை இழுத்தார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல்கடை இருந்தது.

திருமூர்த்தி இஞ்சினை அணைத்தார். முப்பத்தோரு வருஷம் தன்னைக் காப்பாற்றிய பழக்கமே இப்போது தனக்கு எமனாக நிற்கிறது என்று அவருக்குப் பயமாக இருந்தது. இதைக் குல்சும் எப்படியும் கணவரிடம் சொல்வார், இனிமேல் நாற்காலி கிடைக்காது என்றும் ஒரு கவலை வந்தது.

"சத்தத்த அமத்திப்போடலாமுங்களா?" என்றார் மெதுவாக.

"அமத்தலாமுங்க. கோடு மட்டும் வரும்."

"கோடு போடுது, செரிங்க. 'ஓல்டான்'னு ஆருங்க சொல்றது?"

குல்சும் யோசித்தார். நான்கு நடையாகத் திருமூர்த்தி சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். "பொட்டி காட்டும், அவ்வளவுதானுங் அங்கிள்" என்றார். "நிறுத்தறது நீங்கதானுங்க."

திருமூர்த்தி அந்தப் பதிலை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே மூன்று தெரு நடந்துபோய்க் காரைக் கொண்டுவந்தார். வாசலில் மூக்கை நுழைத்து நிறுத்தினார். ஒன்பது இன்ச், ஒற்றைக் காமெரா, பேச்சு தமிழில், பீப் ஊமை. மாட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. வெளியே எடுக்கும் வேளை வந்ததும், "ஒருக்கா நீங்களே எடுத்துக் குடுத்துருங் அம்மணி" என்று சாவியை நீட்டினார். குல்சும் ஏறி வெளியே எடுத்துக் கொடுத்தார். வீடு வரைக்கும் பெட்டி, அவர் கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடிய பாதைக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் "செரிங்க" என்று மரியாதையாகப் பதில் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. புவனா சோதனைக்கு வந்தாள். கம்பெனியில் பம்புக்குச் செய்வதை அப்பாவுக்கும் செய்தாள்: மூன்று முறை, மூன்று இடம். சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றைக் காருக்குப் பின்னால் வைத்தாள். அக்ஷிதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே தள்ளி நின்றாள்.

திருமூர்த்தி வண்டியைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். இடது கைமேல் வலது கையை வைத்து அழுத்திக்கொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார். திரையில் பக்கெட் தெரிந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. நிறுத்தினார். புவனா உள்ளே வந்து இடைவெளியைக் கண்ணால் அளந்துவிட்டு, பக்கெட்டை இடது பக்க ஓரத்தில் வைத்தாள். அதையும் தொடாமல் நிறுத்தினார். "தாத்தா சூப்பரு" என்றது குழந்தை.

மூன்றாவது முறை பக்கெட்டைச் சுவரோரம், அன்றைக்குச் சைக்கிள் நின்ற இடத்திலேயே வைத்தாள். வேண்டுமென்று வைத்தாளோ, தெரியாமல் வைத்தாளோ. வண்டி பின்னால் நகர்ந்தது. பச்சை போய் மஞ்சள் வந்தது. சிவப்புக் கோடு பக்கெட்டைத் தொட இன்னும் ஒரு முழம் இருந்தது. புவனாவுக்குத் திருப்தியாகிவிட்டது. குரலில் இரண்டு மாதமாக இல்லாத ஒரு தெளிவு.

"ரைட்டுப்பா! நாளைக்கு நீங்களே போயிக் கூட்டியாந்துருங்க."

அவர் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. கால் அழுத்தத் தயாராக எழும்பியது. எழும்பிய காலை அவர் பிரேக்கில் கொண்டுபோய் வைத்தார். கைப்பிரேக்கை மேலே இழுத்தார். பிறகு ஜன்னல் வழியாக வலது கையை வெளியே விட்டு, கதவின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு தட்டினார்.