மண்புழுவுக்கு ஊறுகாய் போட்டேன்

என் மகள் கொல்கத்தாவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருட இயற்கை விவசாயப் படிப்பு படிக்கிறாள். செய்முறைத் தேர்வுக்காக, அதே ஊரில் பவானிபூரில் உள்ள எங்கள் வீட்டு பால்கனியில், ஒரு பெட்டியில் மண்புழு வளர்த்தாள். மிச்சம் மீதியைத் தின்னும் என்று நினைத்து, பழைய ஊறுகாயை அதில் கொட்டிவிட்டேன். சற்று நேரத்தில் புழுக்கள் கூட்டமாக வெளியேறித் தரையில் நெளிந்தன. புழுவைக் கண்டாலே அலறுபவள் நான். மறுநாள் தேர்வாயிற்றே! அழுதுகொண்டே ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, ஈரமண் போட்ட வாளியில் விட்டேன்.

மாலையில் வந்தவள், நடந்ததைக் கேட்டு வாளியைக் கிளறிப் பார்த்தாள். "ஷோப் டிக் ஆச்சே!" என்று வங்காளத்தில் கூவினாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உயிரோட இருக்கும்மா. நீயா கையால எடுத்த?" என்று கட்டிக்கொண்டாள். "உப்பு மட்டும் அதுங்களுக்கு ஆகாதும்மா."

இப்போதெல்லாம் எதைப் போடுவதானாலும் போனில் அவளைக் கேட்டுவிடுகிறேன். முன்பு நான் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டாள். இப்போது புழுக்களுக்கு என்னவோ என்று முதல் மணியிலேயே எடுக்கிறாள்!