அக்காவுக்கு நான் கொடுத்த வார்த்தை

என் மகளுக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்தபோது அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். பேசியது என் அக்கா. சரி என்று தலையாட்டியது நான். என் மனைவியிடமும் யாரும் கேட்கவில்லை, மகளிடமும் யாரும் கேட்கவில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். அச்சாகி வரும் பட்டாசு லேபிள்களை அளவு வைத்து வெட்டுவது என் வேலை. கத்தி இறங்கும் இடத்தில் கை வைத்திருக்கும் வேலை என்பதால், என்னைத் தைரியசாலி என்று வெளியில் நினைப்பார்கள். உண்மையில் யாருடைய முகத்தைப் பார்த்தும் முடியாது என்று சொல்ல வராதவன் நான். அக்காவிடம் சுத்தமாக வராது.

அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது. அக்காவுக்குப் பதின்மூன்று. அதன் பிறகு எனக்குச் சோறு ஊட்டியது, தலை சீவி விட்டது, குர்ஆன் படிக்க ஓதப்பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது எல்லாம் அக்காதான். பதினைந்து வயதில் சாத்தூரில் அவளைக் கட்டிக் கொடுத்தபோது, தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லி என்னையும் அழைத்துப் போனாள். மச்சானும் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. நான் வளர்ந்தது அக்கா வீட்டில்தான்.

அந்த அக்காவுக்கு இருதயத்தில் அடைப்பு என்று மதுரையில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தவள் முன்பு போல இல்லை. எதைப் பேசினாலும் கடைசியில் சாவில் கொண்டுபோய் முடிப்பாள். அவளுடைய ஒரே மகன் சவூதியில் ஏசி மெக்கானிக். அவன்தான் மாப்பிள்ளை, இருபத்தைந்து வயது. ஜூன் மாதம் நாற்பது நாள் லீவில் வருவதாக இருந்தது. என் மகள் பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றில் சேர்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாத்தூரில் இருந்து பஸ் ஏறி வந்தாள். வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏலே, இந்த லீவுலயே முடிச்சிருவோம். அடுத்த லீவுக்கு ரெண்டு வருசம் ஆகும். அம்புட்டு நாள் நான் இருப்பனான்னு எனக்கே தெரியல."

"பிள்ள இப்பத்தான் பதினொண்ணு சேந்திருக்குக்கா" என்றேன்.

"எனக்குப் பதினஞ்சுல ஆகலையா? நான் என்ன கெட்டா போயிட்டேன்? உன்ன வளக்கலையா?"

"சரிக்கா" என்றேன். உள்ளே என் மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அரியும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

என் மனைவிக்கும் பதினாறில்தான் கல்யாணம் ஆனது. பதினேழில் முதல் பிரசவம். வலி எடுத்த நேரத்தில் ஜன்னி வந்து, கையும் காலும் வெட்டி இழுத்ததைப் பார்த்தவன் நான். குழந்தை பிழைக்கவில்லை. இவள் பிழைத்ததே பெரிசு என்று டாக்டரம்மா சொன்னார். எட்டு வருஷம் கழித்துத்தான் என் மகள் பிறந்தாள். இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அதை யாரும் பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கல்யாணத் தேதியைச் சொல்லப் தொழுகை நடத்தும் பள்ளிவாசல் அஜரத்திடம் போனேன். கல்யாணங்களை எழுதும் பெரிய பதிவேட்டை எங்கள் பக்கம் தப்தர் என்போம். அதில் எழுதினால்தான் ஜமாஅத் ஏற்றுக்கொண்ட கல்யாணம். அஜரத் என்னைவிட இளையவர். மகளின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். கொடுத்தேன். பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"பதினெட்டு முடியாம இங்கன எழுதுறதில்ல பாய். ஜமாஅத்துல எல்லாரும் சேந்து எடுத்த முடிவு."

"அக்கா உடம்புக்கு முடியாம இருக்காங்க அஜரத்."

"துஆ செய்றேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. பொண்ணோட சம்மதம் இல்லாம நிக்காஹ் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும். பதினாறு வயசுப் பிள்ள, அத்தா மொகத்தப் பாத்துட்டுச் சரின்னு சொன்னா அது சம்மதம் ஆகுமா?"

நாற்பத்தைந்து வயதில் நானே அக்கா முகத்தைப் பார்த்துத்தானே சரி என்று சொன்னேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது உடம்பே லேசானது போல இருந்தது. நான் மறுக்கவில்லை, ஜமாஅத் மறுத்துவிட்டது. அக்காவிடம் இப்படிச் சொல்லிவிடலாம்.

அந்த நிம்மதி அன்று சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது. போனில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"ஒங்க ஜமாஅத் இல்லாட்டி என்னலே? மச்சான் ஊர்ல நம்ம சொந்தக்காரக வீட்டுல வச்சு ஓதிருவோம். எழுதுறத அப்புறம் பாத்துக்கிடலாம். பத்துப் பேரு போதும். வர்ற ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு."

மறுபடியும் சரிக்கா என்றேன்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தாள். புதிதாக வாங்கிய கணக்குப்பதிவியல் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் அச்சகத்தில் இருந்து கொண்டுவந்த தாள். அட்டை போட்டு முடித்து, அதன் மேல் பெயர் எழுதாமல் வைத்துவிட்டாள். ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தபோது, செவ்வாய்க்கிழமை, அச்சகத்தில் தீபாவளி லேபிள் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டைத் தவறான அளவில் வெட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "என்ன பாய், ஒடம்பு சரியில்லையா? போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

நான் டீக்கடைக்குப் போகவில்லை. பின்னால் பேப்பர் குடோனுக்குள் போனேன். மகளின் பள்ளிக்கூடச் சுவரில் குழந்தைகளுக்கான உதவி எண்ணைப் பெரிதாக எழுதிப் போட்டிருப்பார்கள். தினமும் அவளை இறக்கிவிடும்போது பார்க்கிற எண். அடித்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்காங்கம்மா. பதினாறு வயசு இன்னும் முடியல" என்றேன்.

விலாசம் கேட்டார். என் வீட்டு விலாசத்தை அடுத்தவன் வீட்டு விலாசம் போலச் சொன்னேன். தேதி, இடம், பள்ளிவாசலில் எழுத மறுத்தது எல்லாம் சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்டார். தெரிஞ்சவன் என்றேன். பெயர் சொல்ல வேண்டாம், ரகசியமாகவே இருக்கும் என்றார். பிறகு அவர் கேட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"பொண்ணோட அப்பா எப்படிங்க? நாங்க போனா பிரச்சினை பண்ணுவாரா?"

"அவரு ஒண்ணும் செய்ய மாட்டாரும்மா. பயந்த ஆளு" என்றேன்.

போனை வைத்துவிட்டு ரீம் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்ற எண்ணம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இரண்டு வாரத்தில் முதல்முறையாகப் பசி எடுத்தது.

மறுநாள் காலை அக்கா மாப்பிள்ளை வீட்டுச் சேலையோடு வந்திருந்தாள். மகளை நிற்கவைத்து, சேலையைத் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது தெருவில் ஜீப் வந்து நின்றது. சமூக நலத்துறையில் இருந்து ஒரு அம்மா, குழந்தைகள் உதவி மையத்தில் இருந்து ஒரு இளம்பெண், கூட ஒரு பெண் போலீஸ். அந்த அதிகாரி அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

சான்றிதழைப் பார்த்தார். அக்காவின் கையில் இருந்த சேலையையும் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை கல்யாணம்னு தகவல் வந்திருக்கு. நடத்த முடியாதும்மா. பதினெட்டு ஆகணும்."

"எங்க மார்க்கத்துல பெரிய மனுசி ஆயிட்டாப் போதும்மா" என்றாள் அக்கா. "இது எங்க குடும்பத்துக்குள்ள உள்ளது."

"நேத்து விஸ்வநத்தம் பக்கம் ஒரு கல்யாணத்த நிறுத்திட்டு வர்றேன். அவங்க கோயில்ல வச்சிருந்தாங்க. அவங்களும் குடும்பத்துக்குள்ளன்னுதான் சொன்னாங்க. யாரா இருந்தாலும் நான் இதத்தான் சொல்லணும். ஒங்க பள்ளிவாசல்லயே எழுத மாட்டேன்னுட்டாங்கல்ல?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. "எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் போன் போட்டிருக்கான்" என்றாள்.

"ஒருத்தர் இல்லம்மா. ரெண்டு பேரு. தனித்தனியா" என்றார் அந்த அம்மா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போலத் தாளை எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

நான் ஒருவன். இன்னொருவர் யார்? மகளைப் பார்த்தேன். அவள் தோளில் கிடந்த சேலையை மெதுவாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "நீ ஒண்ணும் பேச மாட்டியாலே?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"சட்டம்னு சொல்றாகளேக்கா" என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். அக்காவும் கடைசியில் போட்டாள். சேலையை எடுத்துக்கொண்டு, எங்கள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனாள். பின்னாலேயே போய்ப் பேச நினைத்தேன். போகவில்லை.

அவர்கள் சொன்னபடி மறுநாள் விருதுநகரில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு போய் நின்றோம். அவளை மட்டும் தனியாக உள்ளே அழைத்துப் பேசினார்கள். அரைமணி நேரம் இருக்கும். வெளியே வந்ததும் பசிக்குது என்றாள். எதிரில் ஒரு கடையில் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தின்றுவிட்டு மூன்றாவது கேட்டாள்.

"உள்ள என்னம்மா கேட்டாக?"

"மேல என்ன படிக்கணும்னு கேட்டாக. அப்புறம், அத்தா அம்மா மேல கோவமான்னு கேட்டாக."

"என்ன சொன்ன?"

"கோவம் இல்லன்னு சொன்னேன். ஆனா எங்கிட்ட யாருமே கேக்கலன்னும் சொன்னேன்."

என் மனைவி தன் இலையில் இருந்த புரோட்டாவை எடுத்து அவள் இலையில் வைத்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

சிவகாசிக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருத்தங்கல் வரும்வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ரெண்டு போன்னு அந்தம்மா சொன்னாகல்ல" என்றேன் மெதுவாக. "அதுல ஒண்ணு நான்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதில் மகள் விழித்துக்கொண்டாள். மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எதிர்வீட்டு அக்கா போன்ல பேசுனேன்" என்றாள். "பிள்ளையோட அப்பா எப்படின்னு கேட்டாக. ஒண்ணும் செய்ய மாட்டாரு, பயந்த ஆளுன்னேன்."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நானும் சிரித்தேன். இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எங்களுக்குள் பேச வேண்டியதை இரண்டு பேரும் யாரோ ஒரு பெண்ணிடம் போனில் சொல்லியிருக்கிறோம். அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

லீவில் வந்த அக்கா மகன், திரும்பிப் போவதற்கு முன்னால் தனியாக அச்சகத்துக்கே வந்து என்னைப் பார்த்தான். "மாமா, அவளச் சின்னப் பிள்ளையில தூக்கிவச்சு மிட்டாய் வாங்கிக் குடுத்திருக்கேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன். நல்லதாப் போச்சு" என்றான். இப்படி ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டு ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்திருப்போம். அடுத்த லீவில் திருமங்கலத்தில் ஒரு டீச்சர் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது.

அக்கா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த எட்டு மாதமும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெருநாளைக்குப் போய் நின்றபோது, "சாப்பிட்டுட்டுப் போ" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதிலிருந்து மெதுவாகச் சரியானது. அவள் பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள். என் மகள் இப்போது கல்லூரியில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

போன வருஷம் அக்காவுக்குப் பேரன் பிறந்தான். பார்க்கப் போயிருந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த போன் போட்டது நான்தான்."

அவள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அத எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்லலே. எதுக்கு அந்தம்மாவ ஜீப்புல வரவச்ச?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீகளாக்கா?"

அக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும், மருமகளைக் கூப்பிடு என்றாள்.