பையில் எங்கே போகும்?

வேலையிலிருந்து வந்தவர் காலுறையைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கன்னத்தை மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கிவிட்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏய், நீ எண்ணியாச்சு, திரும்ப வராதே." பத்து இருக்க வேண்டும். ஒன்பதுதான் தேறுகிறது. "வந்துரும், எங்க போயிடப் போகுது" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். சற்றுப் பொறுத்து, மரவேருக்குப் பின்னாலிருந்து பத்தாவது மீன் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வருகிறது.

'வந்துரும்' என்ற அந்த வாசகம் அவருடைய வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. விமான நிலையத்தில், பெட்டி வந்து சேராதவர்கள் புகார் எழுதிக் கொடுக்கும் கவுண்ட்டரில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பெட்டியைத் தவறாக ஏற்றி அனுப்பியவர் வேறு ஏதோ ஊரில் நிம்மதியாக இருப்பார், திட்டு இவருக்கு. "சக்கரம் ரெண்டா, நாலா சார்? கைப்பிடியில ரிப்பன் ஏதாவது கட்டியிருந்தீங்களா?" என்று பெட்டிகளின் படம் போட்ட அட்டையை நீட்டுவார். ஒருமுறை ஒருவர் விண்ணப்பத் தாளையும் பேனாவையும் சேர்த்து இவர் முகத்திலேயே விட்டெறிந்தார். குனிந்து எடுத்தவர், "தாள் நிறைய இருக்கு சார். பேனா ஒண்ணுதான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து கூட வேலை செய்பவர்கள் இவரைச் 'சாது' என்றே கூப்பிடுகிறார்கள்.

சாது வளர்ப்பவையும் சாதுக்களே. கோரி என்று சொல்வார்கள். விரல் நீளம்கூட வராத கெளுத்தி வகை. வெளிறிய உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, நாலு நாள் தூங்காதவர் மாதிரி ஒரு முகம். தொட்டியின் அடியிலேயே கூட்டமாகத் திரிந்து, மணலை மீசையால் துழாவித் தின்னும். எந்த வம்பு தும்புக்கும் போகாது. கூழாங்கல் அதன் மீசையைத் தேய்த்துவிடும் என்று மெல்லிய மணலாகத் தேடி வாங்கி, ஏழு தண்ணீர் விட்டு அலசிப் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள், "இது அழுக்கைத் தின்னுட்டுக் கிடக்குமாமே?" என்று கேட்டால் மட்டும் அவர் முகம் சற்று வாடும். "அழுக்கை யாருங்க திம்பாங்க? நாம போடறதில்ல, அது பட்டினி கிடக்குது" என்பார். கோபம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

"இங்க வாயேன், இது கண்ணடிக்குது பாரு" என்று மனைவியைக் கூப்பிடுவார். கோரிக்குக் கண்ணைச் சட்டென்று கீழே உருட்டும் பழக்கம் உண்டு. "பதினாறு வருசத்துல எனக்கு ஒரு தடவை அடிச்சிருக்கீங்களா?" என்று அந்த அம்மாள் அங்கிருந்தே கேட்பார்.

அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். கத்துவதுதான் தொழில். "கிளட்ச்னு சொன்னா பிரேக்கை மிதிக்குது பாருங்க, அந்தக் காலை முதல்ல கழட்டி வீட்ல வெச்சுட்டு வாங்க!" என்று நாள் முழுக்கக் கத்திவிட்டு, வீடு திரும்பும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார். கோபமே வராத புருஷன் வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தார். ஒருமுறை இஸ்திரிப் பெட்டியை வைத்தபடியே போன் பேசப் போய், புருஷனுடைய சீருடைச் சட்டையின் முதுகில் பெட்டி வடிவத்திலேயே ஓட்டை. "கோட்டுக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது, போங்க" என்றார் அம்மாள். அவரும் போனார். அன்று பூராவும், புழுக்கத்திலும், கோட்டைக் கழற்றவில்லை.

போன வருடம் இருவரும் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார்கள். அம்மாளுக்கு ரத்த அழுத்தம் நூற்றிருபது. இவருக்குப் பட்டையைச் சுற்றி அழுத்திய நர்ஸ், எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள். பிறகு வேறு கருவி கொண்டுவந்தாள். நூற்றுத் தொண்ணூற்றாறு. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவர் நடந்தா வந்தாரு?" என்று கேட்டார். அம்மாளுக்குத் தலையில் இடி விழுந்தது போல் ஆயிற்று. "டாக்டர், இவருக்குக் கோபமே வராதுங்க! மிஷினை நல்லாப் பாருங்க!" என்று அங்கேயும் கத்தினார். மிஷின் சரியாகத்தான் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, "எதையும் உள்ளயே வெச்சுக்காதீங்க" என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்று அதையும் உள்ளேயே வைத்துக்கொண்டார் சாது.

அதற்கு அடுத்த மாதம் வீடு மாற்றினார்கள். பாத்திரம் பண்டமெல்லாம் லாரியில் ஏறியது. மீன்களை மட்டும் யார் கையிலும் தரவில்லை. அப்போது அவை பதினொன்று. "ஒண்ணாவே இருந்து பழகினதுங்க, பிரிச்சா பயந்துரும்" என்று பதினொன்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் விட்டு, மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்தபடி லாரியின் முன் சீட்டில் ஏறினார். அரை மணி நேர வழி. நெரிசலில் இரண்டரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் பையைப் பார்த்து, "வந்தாச்சு, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புது வீட்டு வாசலில் பையைத் தூக்கிப் பிடித்தபோது தண்ணீரின் மேல் நுரை கட்டியிருந்தது. ஏழு மீன்கள் வயிறு மேலாகக் கிடந்தன. அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். அழுகை இல்லை. கையில் ஈரப் பையோடு, லாரிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை அப்படியே நின்றார் சாது. மிஞ்சிய நாலை வாளித் தண்ணீரில் விட்டபிறகு, "நான்தான் கொன்னுட்டேன்" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

மறுநாள் இருவரும் மீன் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார்.

"அது விஷம் சார். அதோட விஷம்தான்."

"இந்த மீனுக்கா?" அம்மாள் நம்பவில்லை. "இது எதையும் கடிச்சுக்கூடப் பார்த்ததில்லையே!"

"கடிக்காதும்மா. யாரையும் ஒண்ணும் பண்ணாது. ரொம்ப மிரண்டா செவுளுக்குப் பின்னால இருந்து விஷத்தை விட்டுரும். ஆத்துல இருந்தா ஓடுற தண்ணியில அது போயிடும். பையில எங்க போகும்? அதுலயேதான் கிடந்து மூச்சு விட்டாகணும்."

சாது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் மீனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு என்ற எண் அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

"அப்ப நீங்க எப்படி அனுப்பறீங்க?" என்று கேட்டார்.

கடைக்காரர் செய்தே காட்டினார். புதிதாக ஆறு மீன்களை வாளியில் விட்டு, வலையால் மெல்லச் சீண்டினார். "இப்படிக் கொஞ்சம் வம்பு பண்ணி விடணும். இருக்கறதை எல்லாம் இங்கயே கக்கிடும். அப்புறம் தண்ணியை மாத்திட்டுப் பையில போட்டா எந்த ஊருக்கும் போகும்." அந்த அம்மாள், டிரைவிங் லைசென்ஸுக்குப் படிப்பவர் மாதிரி, கண் கொட்டாமல் பார்த்தார். ஆறும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தன.

அன்றிலிருந்து புருஷனைச் சீண்டுவது என்று ஆரம்பித்தார். மாலையில் அவர் மீனை எண்ணி முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். "இன்னைக்கு யார் திட்டினது?" "விடு." "என்ன சொல்லித் திட்டினான்?" "பாவம், அவன் பெட்டி போச்சு." "உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" "ரேஷன்ல கொடுத்தா வாங்கிக்கறேன்." இப்படியே மூன்று மாதம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் ரத்த அழுத்தம் பார்க்கும்போது, எண் இறங்கியிருக்கிறதா என்று அம்மாள் முதலில் எட்டிப் பார்ப்பார்.

போன வாரம் ஒருநாள் வழக்கம்போல உட்கார்ந்து எண்ணினார். நாலிலேயே நின்றுவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். மறுபடி நாலு. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. ஒருவர் பெட்டி வேறு விமானத்தில் போய்விட்டது. அத்தனை பயணிகள் முன்னால் மேனேஜர் இவரை எழுந்து நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அம்மாளுக்கு நெஞ்சு பற்றியெரிந்தது. ஆனால் கடைக்காரர் மாதிரி அவரும் வலையை எடுத்துவிட்டார். "அந்த ஆள் சொன்னதுல என்ன தப்பு? பெட்டி போச்சுன்னா நீங்கதானே பொறுப்பு?"

"என்ன தப்பா?"

அந்தக் குரலை அம்மாள் பதினாறு வருடத்தில் கேட்டதில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த குடை விழுந்தது. மீன்கள் எல்லாம் வேருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. "என்ன தப்பா? நானா ஏத்தினேன்? நானா இறக்கினேன்? பச்சைப் பெட்டிக்காரன் என் சட்டையைப் பிடிச்சானே, அன்னைக்கு என்ன தப்பு பண்ணேன்? பேனாவை விட்டெறிஞ்சானே, கண்ணுல குத்தியிருந்தா?" பதினெட்டு வருடத்துப் பெட்டிகளும் நிறம், சக்கரம், கைப்பிடியோடு ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. மேல் மாடியில் யாரோ தரையைத் தட்டினார்கள். அவர் சட்டென்று நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டார்.

சீண்டியது அம்மாள்தான்; ஆனாலும் இவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று கவுண்ட்டரில் கேலி பேசுவார்களாம். "காடு கொள்ளாட்டிப் போகட்டும்" என்றார். "நம்ம வீடு கொள்ளும். கத்துங்க."

அவர் அம்மாளையே பார்த்தார். "நீயும்தான்!" என்றார், குரல் உடைந்து. "முதுகுல ஓட்டை போட்ட சட்டையைக் கொடுத்து, யாருக்குத் தெரியப் போகுதுன்னியே! எனக்குத் தெரியாதா?"

அது அம்மாளை அறைந்தது. அந்தச் சட்டை நினைவிலிருந்தே போய், பத்து வருடமாகிறது. சொன்னவரும் சொன்னதைக் கேட்டுத் திகைத்து, தொட்டிக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வந்ததும் எடுத்து வைத்த தண்ணீர், டம்ளரில் தொடாமல் அப்படியே இருந்தது. அதைச் சமையலறைக்கு எடுத்துப் போய்க் கொட்டினார். டம்ளரை இரண்டு முறை அலம்பினார். புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்துத் திணித்தார்.

"தண்ணியை மாத்திட்டேன்" என்றார். "குடிங்க."