மூக்குக்குள் போன பயறு

பிள்ளைகளுக்கு இனிப் போன் காட்டுவதில்லை என்று என் மனைவி முடிவெடுத்தது ஒரு ஞாயிறு இரவு. எங்களுக்கு இரண்டரை வயதில் இரட்டைப் பிள்ளைகள், ஒரு மகனும் ஒரு மகளும். அன்றைக்கு மகன் போனைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் சோறு முடிந்துவிட்டது. அவன் வாயை மூடவில்லை. மனைவி வெறும் கரண்டியை அவன் வாயில் வைத்துப் பார்த்தாள். அதையும் மென்றான்.

"கண்டனீங்களோ?" என்றாள். "இனி இந்த வீட்டில பிள்ளையளுக்குப் போன் இல்லை."

முடிவு அவளுடையது. நடத்த வேண்டியவன் நான். அவளுக்குக் கொழும்பு, பொரளையில் அலுவலகம். காலையில் போனால் பின்னேரம்தான் வருவாள். நான் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவன். என் வகுப்புகள் பின்னேரத்தில் தொடங்கும். அவள் உள்ளே வர நான் வெளியே போவேன். நடுவில் கிடக்கும் நீண்ட பகல் முழுவதும் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் நானும் அந்த இரண்டு பேரும்தான்.

முதல் நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கத்தினார்கள். ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் தொடங்குவார். மகள் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து "போன் எங்க, போன் எங்க" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வருவாள். போனை அலுமாரியின் மேலே வைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு ஏறத் தொடங்கினார்கள். கதிரைகளை எல்லாம் ஓர் அறைக்குள் போட்டுப் பூட்டினேன். நின்றபடி சாப்பிட்டேன்.

மனைவி அலுவலகத்திலிருந்து வீடியோக்கள் அனுப்புவாள். சின்னப் பிள்ளைகளைப் போன் இல்லாமல் சந்தோசமாக வைத்திருப்பது எப்படி என்று யாரோ ஒரு தாய் சிரித்த முகத்தோடு விளக்குவாள். அதை நான் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்ப்பேன். வெளியே இரண்டு பேரும் கதவில் அடிப்பார்கள். அந்தத் தாயின் வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அவளுடைய பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. எனக்கு வந்த எரிச்சலில் போனை வாளிக்குள் போட்டுவிடலாம் போலிருந்தது.

அப்படி வந்த வீடியோ ஒன்றில்தான் பயறு இருந்தது. அகலமான தட்டில் பயற்றைக் கொட்டி, சின்னக் கோப்பைகளும் கரண்டிகளும் கொடுத்துவிட்டால் போதுமாம். பிள்ளை அள்ளி ஊற்றி மணிக்கணக்கில் விளையாடுமாம். மாக் குழைக்க நாங்கள் எடுக்கிற பெரிய தட்டம் ஒன்று குசினியில் இருந்தது. அதில் கொட்டி, நிலத்தில் பாயை விரித்து வைத்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், வேலை செய்தது. இரண்டு பேரும் அள்ளினார்கள், ஊற்றினார்கள், சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். பல நாட்களுக்குப் பிறகு நான் ஒரு தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தேன். படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அவளிடமிருந்து பதில் வருவதற்குள் மகள் தட்டத்தைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டாள். பயறு குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில், சோபாவுக்குள், வாசற்படி வரைக்கும் ஓடியது. தும்புத்தடியோடு முழங்காலில் நின்று கூட்டிக்கொண்டிருந்தேன். மகன் அசையாமல் நிற்பதைக் கண்டேன்.

"அப்பா, பயறு," என்றான்.

"எங்க?"

மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

அதைப் பார்த்து மகளும் ஒரு பயற்றை எடுத்துத் தன் மூக்குக்குக் கொண்டுபோனாள். அவள் கையைப் பாய்ந்து பிடித்தேன். மகனிடம் மூக்கைச் சிந்தச் சொன்னேன். சிந்தத் தெரியாது அவனுக்கு, உள்ளே இழுத்தான். திரும்பச் சொன்னேன். இன்னும் பலமாக இழுத்தான். டோர்ச் அடித்துப் பார்த்தால் பச்சையாக ஒன்று ஆழத்தில் தெரிந்தது. பயறு ஈரத்தில் ஊதும் என்ற நினைப்பு வந்ததும் டோர்ச்சைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கிப் பெருந்தெருவான காலி வீதிக்கு வந்து ஓட்டோ பிடித்தேன். சாரதி என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். மூக்கைக் காட்டி "முங் எட்ட, மல்லி" என்றேன், பயறு, தம்பி என்று. முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாக ஓட்டினார்.

மருத்துவமனையில் இருந்தவர் ஓர் இளம் முஸ்லிம் டொக்டர். மகன் கருவியைக் கண்டதும் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினான்.

"போன் ஈக்கா? காட்டூன் ஒண்டு போட்டுக் காட்டுங்க," என்றார்.

"நாங்க போன் குடுக்கிறேல்ல, டொக்டர்."

அவர் கருவியைக் கீழே வைத்தார். "நல்லம். ஆனா இண்டைக்கிக் குடுங்க. இல்லாட்டி நாங்க எல்லாரும் சேந்து புடிக்கோணும்."

என் போனில் இருந்த கார்ட்டூன்களை எல்லாம் மனைவி ஏற்கெனவே அழித்திருந்தாள். நான் தேடித் தடவுவதைக் கண்டு அவர் தன் பையிலிருந்து தன் போனை எடுத்து ஒன்றைப் போட்டுத் தந்தார். "எனக்கும் வீட்டுல ரெண்டு ஈக்கு," என்றார்.

மகன் சட்டென்று அடங்கினான். மகள் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பயறு வெளியே வந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. போனைத் திருப்பி வாங்கும்போதுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

விசயத்தைப் போனில் கேட்டுப் பின்னேரம் மனைவி வீட்டுக்கு ஓடிவந்தாள். மகனைத் தூக்கி மூக்கைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அங்க போன் காட்டினதோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "காட்டினதுதான். நாளைக்கும் காட்டுவன். பகல் முழுக்க இதுகளோட நிக்கிறது ஆர்? வீடியோ அனுப்புறது லேசு. சனிக்கிழமை எனக்கு விடியவே வகுப்பு. நீர் தனிய நிண்டு பாரும்."

"நிக்கிறன்," என்றாள். அவளுக்கும் கோபம்.

சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்து வந்து கதவைத் திறந்தேன். நிலமெல்லாம் கோதுமை மா. அதில் தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். மனைவி சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தாள். தலைமுடியில் மா காய்ந்திருந்தது. வெல்ல வந்தவன் போல் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைக் கண்டதும் விட்டுவிட்டேன்.

"எப்பிடியப்பா ஒவ்வொரு நாளும் நிக்கிறீங்கள்?" என்றாள்.

வாளியும் துணியும் எடுத்து வந்தேன். இரண்டு பேருமாக மாவைத் துடைத்தோம். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஈரத்துணி கொடுத்தோம். ஆசையாக வாங்கித் துடைத்தார்கள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்கள்.

அதற்குப் பிறகு வீடியோக்கள் வருவதில்லை. போனும் காட்டுவதில்லை; என் வேலையிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறேன். நான் உடுப்புக் காயப் போட்டால் அவர்கள் கிளிப் எடுத்துத் தருகிறார்கள். வெங்காயம் உரித்தால் தோலைப் பொறுக்குகிறார்கள். இதனால் எந்த வேலையும் நேரத்துக்கு முடிவதில்லை. முன்பு சட்டென்று முடிந்த சமையல் இப்போது மத்தியானம் தாண்டியும் இழுபடுகிறது. சில நாட்களில் அதுவும் எடுபடாது. நேற்று மழை. கிளிப் வேண்டாம், வெங்காயம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு பேரும் நிலத்தில் விழுந்து கத்தினார்கள். நானும் அவர்களுக்குப் பக்கத்தில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, மனைவி வரும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.