விரலைப் பார்த்து ஏறிய பஸ்

எங்கள் ஆம்பூர் பக்கத்தில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்த ஒருத்தியின் கையைப் பிடித்து ஊர் சுற்றிக் காட்டியவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் கையால் தைத்தவள் நான். ஷூவின் முன்பக்கம் மேல்தோலும் பக்கத்தோலும் சேருகிற இடத்தில் சுருக்கம் சுருக்கமாக வருமே, அந்தத் தையல். இரண்டு ஊசி, மெழுகு நூல், மடியில் கட்டை. கண் கொஞ்சம் மங்கியதும் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குப் போட்டார்கள். அங்கேதான் அந்த அம்மா வந்து இறங்கினார். வியட்நாம் தேசம். தையல் ஹாலில் வேலையை வேகப்படுத்தச் சொல்லிக்கொடுக்க இரண்டு வருஷத்துக்கு வந்திருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும்; அதிலேயே மணியும் தெரியும். ஒரு பெண் ஒரு ஜோடியை முடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று அதை அமுக்கிப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில், நான் தோசை ஊற்றினாலும் அமுக்கினார்.

வந்த அன்றே என் வயதைக் கேட்டார். விரலை விரித்து விரித்து மூடி அறுபத்தொன்பது காட்டினேன். தனக்கு ஐம்பத்திரண்டு என்று காட்டினார். அவரிடம் ஒரு போன் இருந்தது. அவர் பாஷையில் அதனிடம் பேசினால், அது நியூஸ் வாசிக்கிற குரலில் தமிழ் பேசும். "உங்களை நான் மூத்த சகோதரி என்று அழைக்க வேண்டும்" என்றது. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாரும் என்னை ஆயா, ஆயா என்று கூப்பிடுகிற வளாகத்தில், மறுநாள் காலையில் "அக்கா!" என்று ஒரு குரல். அன்றைக்கே எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். அதனால் இனிமேல் அவள் என்றே எழுதுகிறேன்.

வேலை ஆறு நாள். ஏழாம் நாள் அவளுக்குப் பொழுது போகவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் பார்ப்பாள். பக்கத்து ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"தனியா அனுப்ப முடியாது. ஆபீஸ்ல இங்கிலீஷ் பேசற பொண்ணு இருக்குது, அத்த கூட அனுப்பறேன்" என்றார் மேனேஜர்.

நான் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா சார் தெரியும்? பஜார் தாண்டினா கெழக்கு மேற்கு தெரியாது. நான் இட்டுனு போறேன்."

"உனக்கு ஊருங்க தெரியுமா ஆயா?"

"எனக்குத் தெரியாத ஊரா? விரிஞ்சிபுரம், சோளிங்கர், எல்லாம் தண்ணி பட்ட பாடு சார்."

நிஜம் என்னவென்றால், வீடு, கம்பெனி, வேலூர் ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் கல்யாணம், இந்த நாலைத் தவிர நான் எங்கும் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் துணி துவைக்கிற நாள். சோளிங்கர் மலைக்கு ரோப் கார் விட்டிருக்கிறார்கள் என்று டிவியில் பார்த்ததிலிருந்து அதில் ஒரு தடவை ஏறிவிட வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இந்த வயதில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது வாசலிலேயே வழி திறக்கிறது, விடுவேனா?

மேனேஜர் யோசித்துவிட்டுச் சொன்னார். "சரி. ஆனா ஆறு மணிக்குள்ள கேட்டுக்குள்ள இருக்கணும். ஒரு தடவை பேஜார் ஆச்சுன்னா, அப்புறம் அந்தப் பொண்ணுதான் போவும். நீ இங்கயே தோசை சுடு."

என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த ஆறு மணியில் தொங்கின.

நான் இரண்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் பஸ் பலகையை நான் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். வாய்விட்டுக் கேட்கலாம். ஆனால் வழி காட்டுகிறவளே வழி கேட்டால் மரியாதை என்னாவது? அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். போகிற இடத்தில் முதலில் பூக்காரியிடம் போவேன். முழம் பூ வாங்குகிற சாக்கில், குரலைத் தாழ்த்தி, ஊர்க் கதை முழுவதையும் கறந்துவிடுவேன். திரும்பி வந்து அவளிடம், பிறந்ததிலிருந்து தெரிந்தவள் மாதிரி கையை வீசிக் காட்டுவேன்.

விரிஞ்சிபுரத்தில் இது அழகாக நடந்தது. கோயிலுக்குள் மணி காட்டும் கல் இருக்கிறது என்று பூக்காரி சொன்னாள். நேரே அங்கே கூட்டிப்போனேன். அரைவட்டமாகக் கீற்று கீறிய கல். அதன் மேலே ஒரு குச்சியை வைத்தேன். நிழல் விழுந்தது. பதினொன்றைத் தாண்டி ஒரு நூல். அவள் தன் வாட்சைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், மறுபடி வாட்சைப் பார்த்தாள். பிறகு கல்லைத் தட்டிக்கொடுத்தாள், நன்றாகத் தைத்த பெண்ணின் முதுகைத் தட்டுகிற மாதிரியே. நாலே முக்காலுக்கு கேட்டுக்குள் இருந்தோம். மேனேஜர் "பரவால்லயே ஆயா" என்றார். அன்றிலிருந்து இரண்டு சுற்றுப் பெருத்தேன்.

அடுத்தது சோளிங்கர். பங்குனி வெயில். ரோப் கார் பெட்டிக்குள் உட்கார்ந்து, தரை காலடியில் விலகியதும் நான் போட்ட சத்தம் மலை மேல் இருக்கும் நரசிம்மருக்கே கேட்டிருக்கும். அவள் பயப்படவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். பாதி வழியில் எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஏன் சிரிக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த குடும்பம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. மேலே போய் இறங்கியதும் அவள் வாட்சை என் முகத்துக்கு நேரே காட்டினாள். ஏறியதிலிருந்து சிரிப்பு வரும்வரை நான் விடாமல் கத்தின நேரம் அதில் இருந்தது. சாமி கும்பிட்டுவிட்டுக் கீழே வந்தோம். நான் அவளைக் கெஞ்ச, இன்னொரு தடவை மேலே போய் வந்தோம். தரிசனத்துக்கு இல்லை.

சோளிங்கர் பூக்காரி "ஆற்காடு போய் மாறிக்கோ" என்றிருந்தாள். ஆற்காடு வந்து இறங்கினால், நாங்கள் நின்ற பக்கத்தில் பூக்காரியே இல்லை. பஸ்கள் வருகின்றன, போகின்றன. தங்கச்சி என் முகத்தையே பார்க்கிறாள்.

அப்போதுதான் மூன்று பெண்கள் ஒரு பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தேன். முதல் பெண் கம்பியைப் பிடித்தாள். சுண்டு விரல் ஓரத்தில் கருத்த கோடு. மெழுகு நூலை இழுத்து இழுத்து அறுத்த கோடு. இரண்டாவது பெண்ணுக்கும் அதே கோடு. மூன்றாவது பெண், நூல் அறுக்காமல் இருக்க விரலில் மாட்டுகிற ரப்பர் துண்டை இன்னும் கழற்றவே இல்லை; ஞாயிற்றுக்கிழமையிலும் ஓவர்டைம் போலிருக்கிறது. என் விரலிலும் அந்தக் கோடு இருக்கிறது. கையால் ஷூ தைக்கிறவர்கள் ஆம்பூரைத் தவிர வேறு எங்கே போவார்கள்?

"வா, வா, இதான்!" என்று அவளை இழுத்துக்கொண்டு ஏறினேன்.

கண்டக்டர் "எங்கம்மா?" என்றார்.

கம்பீரமாகச் சொன்னேன். "அந்த மூணு பேரு எங்கயோ, நாங்களும் அங்கதான்."

ஐந்து டிக்கெட்டை ஒன்றாகக் கிழித்தார். மலைக்காற்று வாங்கிய அசதி. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். அவள் என் தோளில் தூங்கினாள்.

"ஆயா, எறங்கு. நீ சொன்ன எடம் வந்துடுச்சு."

எழுப்பியது ரப்பர் துண்டு போட்ட பெண். இறங்கிப் பார்த்தேன். பாலம் இல்லை, பிரியாணிக் கடை வாசனை இல்லை, தோல் வாசனை சுத்தமாக இல்லை. சுற்றிலும் கழனி.

"இது ஆம்பூரு இல்லியா?"

"திமிரி ஆயா!"

"நீங்க ஆம்பூரு கம்பெனி இல்லியா?"

"நாங்க ராணிப்பேட்டை பக்கம் கம்பெனி. ஏன், ஆம்பூர்ல மட்டுந்தான் ஷூ தைக்கறாங்களா?"

நான் என் சுண்டு விரலை நீட்டினேன். அந்தப் பெண் தன் விரலைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் ரோட்டிலேயே குந்திவிட்டாள், அவ்வளவு சிரிப்பு. "அடியே, பலகையப் பாத்து பஸ் ஏறுவாங்க, நம்பரப் பாத்து ஏறுவாங்க. இந்த ஆயா எங்க வெரலப் பாத்து ஏறியிருக்குதுடி!"

மற்ற இரண்டு பேரும் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆம்பூர், ஆம்பூர், ஆம்பூர்!" என்று கண்டக்டர் மாதிரி கூவினார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தங்கச்சியிடம் மட்டும், இதுவும் நம் திட்டம்தான் என்கிற மாதிரி கையை வீசி, "திமிரி!" என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு கழனியைப் பார்த்தாள்.

திரும்புகிற பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது என்றார்கள். அதுவரை வீட்டுக்கு வந்து தண்ணியாவது குடிங்க என்று ரப்பர் துண்டுக்காரி கூட்டிப்போனாள். வீட்டுக்குப் பின்னால் புளிய மரத்து நிழலில் அவள் மாமியாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி அதைப் பார்த்ததுதான் தாமதம், செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஒரு செடியை எடுத்தாள், மண்ணை உதறினாள், ஒரே உருவு. கொத்து கையில் வந்துவிட்டது. அவள் வீட்டிலும் கடலை போடுவார்கள் போலிருக்கிறது.

மாமியார் என்னைப் பார்த்தார். "உன் தோஸ்துக்கு கை நல்லா ஓடுதே. உனக்கு ஓடுமா?"

"எனக்கா?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தங்கச்சி ஸ்டாப் வாட்சை அமுக்கினாள். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கூடை. யார் முதலில் நிரப்புவது? பாதிப் பெண்கள் என் பக்கம், பாதிப் பெண்கள் அவள் பக்கம். "விடாத ஆயா, ஆம்பூரு மானம் போவுது!" என்று ரப்பர் துண்டுக்காரி கத்துகிறாள். நான் சாதாரணமாக எதற்கும் அவசரப்படாதவள். அன்றைக்கு என் கை எனக்கே தெரியவில்லை. கூடை நிரம்பியதும் இரண்டு கையையும் தூக்கினேன். ஜெயித்தது நான்!

தங்கச்சி எழுந்து வந்தாள். என் கூடைக்குள் கையைவிட்டு, காம்போடு வந்த ஒரு கடலையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"ரிஜெக்ட்!"

தையல் ஹாலில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொண்ட வார்த்தை அது. ஒவ்வொன்றாக எடுத்தாள். ரிஜெக்ட், ரிஜெக்ட். நான் சும்மா விடுவேனா? அவள் கூடையில் உள்ளே பருப்பில்லாத பொக்குக் கடலையைத் தேடி எடுத்தேன். ரிஜெக்ட்! கடைசியில் மாமியார்கூட ஒரு செடியைத் தூக்கிப்போட்டு "ரிஜெக்ட்டு" என்றார். மறுபடியும் ஆட்டம். அவித்த கடலை வந்தது. மறுபடியும் ஆட்டம். பஸ் வந்து போன சத்தம் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது.

என் போன் அடித்தது. மேனேஜர்.

"ஆயா, எங்க இருக்கீங்க? மணி ஆறு."

அத்தனை பேரும் கையிலிருந்த செடியைக் கீழே போட்டார்கள். டயர் பஞ்சர் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொன்னால் அடுத்த ஞாயிறும் என்னுடையது. தங்கச்சி கையில் இன்னும் ஒரு காம்புக் கடலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் தப்பான தையலை நான் மறைத்து அனுப்பியதே இல்லை. பிரித்துத் தைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

"சார், திமிரில இருக்கறோம். வழி தப்பிட்டேன். எனக்கு எந்த ஊரும் தெரியாது சார். அன்னைக்குச் சொன்னது பொய்."



"சோளிங்கருக்கும் திமிரிக்கும் இன்னா ஆயா சம்பந்தம்?"

"கடலை நல்லா வெளஞ்சிருக்குது சார். உங்களுக்கும் ஒரு பை கட்டியிருக்கறேன்."

போனை வைத்துவிட்டார். கம்பெனி கார் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. வழியெல்லாம் தங்கச்சி கடலை தின்றுகொண்டே வந்தாள். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டார். இங்கிலீஷ் பேசுகிற பெண் கையில் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தாள். எந்த ஊர், எத்தனை மணி, எந்த பஸ், எல்லாம் டைப் அடித்திருந்தாள். "அடுத்த வாரத்துலேர்ந்து இந்தப் பொண்ணுதான்" என்றார் மேனேஜர். தப்பு என்னுடையது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்ல, தங்கச்சி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். போனை எடுத்து அவள் பாஷையில் வேகமாகப் பேசினாள். போன் வெள்ளச் செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னது.

"மூத்த சகோதரிக்கு வழி தெரியாது. எனக்கும் வழி தெரியாது. வழி தெரிந்தவருடன் சென்றால் அது வேலை போல் இருக்கும். எனக்கு ஏற்கனவே ஆறு நாட்கள் வேலை உள்ளது."

மேனேஜருக்கு வாயில் போட்ட கடலை புரையேறிவிட்டது. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "சார், எனக்கும் ஞாயித்துக்கெழம லீவு இருந்தா நல்லாருக்கும் சார்."

"எல்லாரும் சேந்துட்டீங்க" என்றார் அவர். ஆறு மணியை ஏழாக்கினார். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிகிற மாதிரி அந்தப் பெண் என் போனில் ஏதோ அமுக்கிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் தங்கச்சி ஸ்டாப் வாட்சைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். ஒரு பஸ் நகர ஆரம்பித்தது. பலகையில் இரண்டாவது எழுத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா!" என்று அவள் ஓடினாள். நானும் ஓடினேன். அறுபத்தொன்பது வயதில், வாட்ச் நெஞ்சில் தாளம் போட, ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறினேன்.

மூச்சு வாங்கியபடி உட்கார்ந்து பார்த்தால், பக்கத்து சீட்டில் மடி நிறையப் பூக்கூடையோடு ஒரு பூக்காரி.

"ஏம்மா, இந்த பஸ்ஸு எங்க போவுது?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன். பூ வாங்கவில்லை.